மூச்சோடு நகரும் கட்டி: நுரையீரல் கதிர்வீச்சில் எந்த முறையைத் தேர்வது?

நுரையீரலில் சிறிய கட்டி. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது, அதனால் மூன்று முதல் ஐந்து அமர்வுகளில் முடிகிற உயர் டோஸ் கதிர்வீச்சு, அதாவது எஸ்பிஆர்டி, செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடும்பம் திணறுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஒரு மருத்துவமனை 'எங்களிடம் ட்ராக்கிங் இருக்கிறது, கட்டி போகும் இடமெல்லாம் கதிரும் போகும்' என்கிறது. இன்னொன்று மூச்சை அடக்கச் சொல்லிச் செய்வோம் என்கிறது. மூன்றாவது இடத்தில், நோயாளி தன் பாட்டுக்கு மூச்சு விடட்டும், கட்டி நகரும் பரப்பு முழுவதையும் சேர்த்துக் கதிர் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். கேட்பவருக்கு மூன்றாவது பழைய காலத்து வேலை மாதிரியும் முதலாவது துல்லியத்தின் உச்சம் மாதிரியும் படும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த மூன்றாவது முறையே போதும் என்பது என் கருத்து. போதாதவர்கள் யார் என்று இயந்திரத்தின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கட்டி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, நோயாளியால் எவ்வளவு நேரம் அசையாமல் படுக்க முடியும் என்ற இரண்டையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

எவ்வளவு நகர்கிறது?

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். உதரவிதானம் கீழே இறங்கி மேலே ஏறும்போது நுரையீரலின் அடிப்பகுதிதான் அதிகம் நகரும், உச்சிப்பகுதி அவ்வளவாக அசையாது. ஜப்பானின் சப்போரோவில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கட்டிக்குள்ளோ பக்கத்திலோ 2 மி.மீ. தங்க மணிகளை வைத்து, எக்ஸ்ரே வீடியோவில் விநாடிக்கு 30 தடவை அவற்றின் இடத்தைப் பதிவு செய்தார்கள். 20 நோயாளிகளின் அந்தப் பதிவை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரைதான் இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது. கீழ் மடலில், எதிலும் ஒட்டாமல் இருக்கும் கட்டிகள் மேலும் கீழுமாகச் சராசரியாக 12 மி.மீ. நகர்ந்தன. மேல் மடலில் இருப்பவையும், மார்புச் சுவர் போன்ற உறுதியான அமைப்புகளில் ஒட்டியிருப்பவையும் சராசரியாக 2 மி.மீ.தான். பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் எல்லாக் கட்டிகளுக்குமே நகர்வு குறைவு. இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது: பாதிப் பேருக்கு, மூச்சை இழுக்கும்போது கட்டி போன பாதை வேறு, விடும்போது திரும்பி வந்த பாதை வேறு. சிலருக்கு இதயத் துடிப்பே கட்டியை 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை ஆட்டிவைத்தது.

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 76ஆவது பணிக்குழு 2006இல் ஒரு கோடு கிழித்தது: எந்தத் திசையிலாவது 5 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் மூச்சு நகர்வைக் கட்டுப்படுத்தும் முறையை யோசியுங்கள். அதன்படி பார்த்தால் மேல் மடல் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த விவாதமே தேவையில்லை.

அளப்பதற்கு 4டி சிடி. வயிற்றின் மேல் ஒரு சிறு பெட்டியை வைத்தோ, பெல்ட் கட்டியோ மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்துகொண்டே மெதுவாக ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு படங்களை மூச்சின் கட்டங்களாக, வழக்கமாகப் பத்தாக, பிரித்து அடுக்குவார்கள். நோயாளி ஒழுங்கில்லாமல் மூச்சு விட்டால் உதரவிதானம் படியாக வெட்டுப்பட்டுத் தெரியும், கட்டியே இரண்டாகக்கூடத் தெரியலாம். அப்படி வந்த படத்தை வைத்துத் திட்டம் போடுவதைவிட அவரைக் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கவிட்டு மறுபடி எடுப்பது மேல்.

இந்த ஸ்கேனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கட்டி இருக்கும் மட்டத்தில் அது பார்ப்பது சில மூச்சுகளை மட்டுமே. சிகிச்சை நடப்பதோ வேறொரு நாளில், பல நிமிடங்கள். அதற்குள் நோயாளி தளர்ந்துபோவார், மூச்சு ஆழமாகும் அல்லது ஆழம் குறையும், கட்டியின் சராசரி இடமே சில மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஒரு மூச்சுக்குள் நடக்கும் ஆட்டத்தைவிட இந்தத் தள்ளல்தான் எனக்குக் கவலை தருவது. ஆட்டத்தின் இரண்டு பக்கமும் கதிர் பட்டு ஓரளவு ஈடாகிவிடும், ஆனால் தள்ளல் ஒரே பக்கமாகப் போகும்.

டோஸுக்கு என்ன ஆகிறது?

முதலாவது, மங்கல். கதிர் வட்டத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் தேய்ந்துபோகும். ஆனால் நுரையீரலில் அந்த ஓரம் ஏற்கெனவே கூர்மையாக இருப்பதில்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் காற்று. அடர்த்தி தண்ணீரில் நான்கில் ஒரு பங்குதான் என்பதால், கதிர் கிளப்பிவிடும் எலெக்ட்ரான்கள் தூரமாக ஓடி ஓரத்தை அகலப்படுத்திவிடுகின்றன. அப்படி அகன்று கிடக்கும் ஓரத்தில் மூச்சின் மங்கல் வந்து சேரும்போது இரண்டும் அப்படியே கூட்டப்படுவதில்லை, இருபடிகளைக் கூட்டி மூலம் எடுப்பதுபோலச் சேரும். அதனால் 10 மி.மீ. நகர்வுகூட நாம் பயப்படும் அளவுக்கு டோஸைக் கெடுப்பதில்லை. பின்னால் வரும் ஒரு முறைக்கு இதுதான் அடிப்படை.

இரண்டாவது, ஐஎம்ஆர்டி, விமேட் போன்ற நவீன முறைகளில் கதிரின் வாசலில் இருக்கும் தகடுகளும் நகர்ந்துகொண்டே இருக்கும். தகடும் நகர்ந்து கட்டியும் நகர்ந்தால், ஒரே நேரத்தில் எதிரெதிராகப் போகும் இடங்களில் டோஸ் குறையும், சேர்ந்து போகும் இடங்களில் கூடும். 30 அமர்வுகள் கொண்ட சிகிச்சையில் இந்த மேடுபள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். இயற்பியலாளர் தாமஸ் போர்ட்ஃபெல்ட் குழு 2002இல் இதைக் கணக்காகவே காட்டியது. மூன்று அமர்வு எஸ்பிஆர்டிக்கு அந்த ஆறுதல் அப்படியே பொருந்தாது. ஒவ்வோர் அமர்விலும் பல நிமிடங்கள், பல மூச்சுகள் கடந்துவிடுவதால் அங்கும் ஓரளவு சராசரி கிடைக்கும், ஆனால் நான் தகடுகளின் ஆட்டம் குறைவாக உள்ள எளிய திட்டத்தையே விரும்புவேன். திரையில் வரைபடம் அழகாக இருக்க வேண்டும் என்று தகடுகளைச் சிக்கலாக்குவது நகரும் கட்டியில் வீண் வேலை.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டியைச் சுற்றிச் சேர்க்கும் மார்ஜினுக்குள் இருப்பது காற்றடைத்த நுரையீரல். அந்த லேசான இடத்திலும் முழு டோஸ் வர வேண்டும் என்று கணினியிடம் சொன்னால், அது அங்கே கதிரை அள்ளிக் கொட்டும். பிறகு அடர்த்தியான கட்டி அந்த இடத்துக்கு நகர்ந்து வரும்போது, திரையில் பார்த்ததைவிடக் கூடுதல் டோஸ் வாங்கும். அதாவது மார்ஜினில் தெரியும் பள்ளம் எல்லாமே நிஜப் பள்ளம் அல்ல. டோஸைக் கணக்கிடும் பழைய பென்சில் பீம் முறையில் இது இன்னும் தப்பாகத் தெரியும். அடர்த்தி வேறுபாட்டைச் சரியாகக் கணக்கில் எடுக்கும் அக்யூரோஸ், மாண்டே கார்லோ மாதிரியான முறை இல்லாத இடத்தில் ட்ராக்கிங் இருந்து பெரிய பயன் இல்லை.

ஒரே கட்டி, பல வழிகள்

பேச்சை எண்களில் வைத்துக்கொள்ள ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வலது கீழ் மடலில் 2 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டி, மேலும் கீழுமாக 15 மி.மீ. நகர்கிறது. எல்லா முறைக்கும் பொதுவாக 5 மி.மீ. பாதுகாப்பு மார்ஜின் வைக்கிறோம். இது காகிதக் கணக்குதான், நிஜக் கட்டி உருண்டையாக இருக்காது.

முதல் வழி ஐடிவி, தொடக்கத்தில் மூன்றாவது மருத்துவமனை சொன்ன அதே முறை. 4டி சிடியின் பத்துக் கட்டங்களிலும் கட்டி எங்கெங்கே இருந்ததோ அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்து, அதற்கு வெளியே மார்ஜின் வைப்பது. நம் கட்டிக்கு மொத்த இலக்கு, அதாவது கதிர் பட வேண்டிய பகுதி, சுமார் 25 கன செ.மீ. வரும். நோயாளிக்குப் பயிற்சி வேண்டாம், அவர் இயல்பாக மூச்சு விடலாம். நேரம் குறைவு, பிழைக்கு வாய்ப்பும் குறைவு. தினமும் சிகிச்சைக்கு முன் எடுக்கும் கோன் பீம் சிடி ஒரு நிமிட நேரத்தில் பல மூச்சுகளைச் சேர்த்தே படம் பிடிப்பதால், அதில் தெரியும் மங்கலான கட்டியை ஐடிவி கோட்டுக்குள் பொருத்துவதும் எளிது. கவனிக்க வேண்டிய இடம் உதரவிதானத்தின் ஓரம். பத்துக் கட்டங்களிலும் மிகப் பிரகாசமான புள்ளிகளை மட்டும் சேர்த்து உருவாக்கும் படத்தை வைத்து அவசரமாக வரைந்தால், கட்டியும் கல்லீரல் பக்கமும் ஒரே பிரகாசத்தில் கலந்து கட்டியின் அடிப்பகுதி காணாமல் போய்விடும். அங்கே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

அடுத்தது ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் வளர்ந்த மிட்-வென்டிலேஷன் முறை. நேரக் கணக்கில் கட்டியின் சராசரி இடம் எதுவோ, அதற்கு நெருக்கமான ஒரே ஒரு கட்டத்தை எடுத்து அதன் மீது திட்டம் போடுவது. மூச்சு நகர்வை இங்கே முழுப் பரப்பாகச் சேர்ப்பதில்லை. மேலே சொன்ன மங்கல் கணக்கை, இயற்பியலாளர் மார்செல் வான் ஹெர்க்கின் மார்ஜின் சூத்திரம் வழியாகச் சேர்ப்பார்கள். 15 மி.மீ. ஆட்டத்துக்கு ஐடிவியில் மேலே ஏழரை, கீழே ஏழரை என்று சேர்கிறது. இதில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 மி.மீ. சேர்த்தால் போதும். இலக்கு 16 கன செ.மீ.க்கு இறங்கிவிடும். அதே ஸ்கேன், அதே இயந்திரம், செலவு ஏதும் கூடவில்லை. இவ்வளவு இருந்தும் இது பரவலாகாததற்குக் காரணம் மனசுதான் என்று நினைக்கிறேன். கட்டி சில நொடிகள் கோட்டுக்கு வெளியே போய்வரும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட டாக்டர்களுக்குத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தை முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். சராசரி இடம் தினமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நல்ல படமும், இதைப் புரிந்துகொண்ட ஆட்களும் வேண்டும்.

வயிற்றை அழுத்துவது மூன்றாவது வழி. எஸ்பிஆர்டி பிறந்த ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 1990களிலேயே உடல் சட்டகத்தோடு இதைச் செய்தார்கள். விலா எலும்புக்குக் கீழே ஒரு தட்டை வைத்து அழுத்தினால் உதரவிதானம் குறைவாக இறங்கும். கீழ் மடல் கட்டிக்கு இதில் நல்ல பலன் கிடைக்கலாம், மேல் மடலுக்கு வெறும் தொந்தரவு. குண்டானவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள், வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் உள்ளவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். தினமும் ஒரே அழுத்தம், ஒரே இடம் கிடைப்பதும் சிரமம். கிடைக்காவிட்டால் ஆட்டத்தைக் குறைக்கப்போய்த் தள்ளலைக் கூட்டிவிடுவோம். அழுத்தியபடி ஒன்று, அழுத்தாமல் ஒன்று என இரண்டு ஸ்கேன் எடுத்து நிஜமாகவே குறைந்ததா என்று பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

மூச்சை அடக்குவது. "ஐயா, மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்ல, அவர் 15, 20 விநாடி பிடித்திருக்கும்போது மட்டும் கதிர் பாயும். காகிதத்தில் இதற்கு இணை கிடையாது. கட்டி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. நுரையீரல் விரிந்துவிடுவதால், அதே அளவு இலக்கு மொத்த நுரையீரலில் சிறிய பங்காகிவிடுகிறது. இடது மார்பகப் புற்றுநோய்க்கு, இதயத்தைத் தள்ளிவைக்க, பல மையங்களில் இது அன்றாட வேலை. ஆனால் நுரையீரல் எஸ்பிஆர்டிக்கு வருகிறவர் யார்? அறுவை சிகிச்சை முடியாது என்று சொல்லப்பட்டவர். நிறையப் பேருக்குப் பல வருடப் புகைப்பழக்கம், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆக்ஸிஜன் சிலிண்டர். அவரிடம் போய் 20 விநாடி மூச்சைப் பிடியுங்கள் என்றால் எப்படி? கட்டி அதிகம் நகர்ந்து, மூச்சைப் பிடிக்கவும் முடிகிறவருக்கு இதுதான் என் முதல் தேர்வு. ஃபிளாட்டனிங் ஃபில்டர், அதாவது கதிரைச் சமப்படுத்தும் வடிகட்டி, இல்லாத கதிரில் டோஸ் பாயும் வேகம் நிமிடத்துக்கு 600 அலகிலிருந்து 1400, 2400 என்று ஏறிவிடுவதால், சில தடவை பிடித்தாலே அமர்வு முடிந்துவிடும். முடியாதவரைக் கட்டாயப்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் ஆழத்தில் பிடிப்பார், அது இயல்பான மூச்சைவிட மோசம்.

கேட்டிங்கில் நோயாளி இயல்பாக மூச்சு விடுவார், மூச்சு வெளியே போய் ஓயும் கட்டத்தில் மட்டும் இயந்திரம் கதிரைத் திறக்கும். மிச்ச நகர்வு 3 மி.மீ. என்று வைத்தால் நம் கட்டிக்கு இலக்கு 16 கன செ.மீ. மிட்-வென்டிலேஷனுக்குக் கிடைத்த அதே எண்! விலை நேரத்தில். கதிர் திறந்திருப்பது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் என்பதால் அமர்வு இரண்டு மூன்று மடங்கு நீளும். கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி எழுபது வயதுக்காரர் அவ்வளவு நேரம் படுத்திருந்தால் தோள் வலிக்கும், நெளிவார். மேலும், பெரும்பாலான கேட்டிங் பார்ப்பது வயிற்றின் மேல் தோலைத்தான், கட்டியை அல்ல. தோலுக்கும் கட்டிக்கும் உள்ள உறவு பாதி வழியில் மாறினாலும் இயந்திரம் நம்பிக்கையாகத் தப்பான நேரத்தில் திறந்துகொண்டிருக்கும். இடையிடையே எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்காத கேட்டிங்கை நான் நம்புவதில்லை.

கடைசியில், ட்ராக்கிங். சைபர்நைஃப் என்ற இயந்திரத்தில் ரோபோ கை கட்டியைத் துரத்துகிறது. சென்னை அப்போலோவில் 2009இலேயே இந்த இயந்திரம் வந்துவிட்டது. மார்பின் மேல் ஒளிரும் விளக்குகளைக் கேமரா இடைவிடாமல் பார்க்கும், கட்டியை எக்ஸ்ரே அவ்வப்போதுதான் பார்க்கும். இரண்டையும் இணைத்து ஒரு கணித மாதிரி 'இப்போது கட்டி இங்கே இருக்கும்' என்று ஊகிக்கிறது. கை நகர நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதம் ஆகும் என்பதால் கொஞ்சம் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் கட்டியே தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் தங்க மணிகளை ஊசி வழியாக உள்ளே வைக்க வேண்டும். ஏற்கெனவே நலிந்த நுரையீரலில் ஊசி போனால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்து உண்டு, சிலருக்குக் குழாய் போட்டு வெளியேற்ற வேண்டிவரும். கதிர்வீச்சில் பக்கவிளைவைக் குறைப்பதற்காக வேறொரு பக்கவிளைவை வாங்கிக்கொள்வது இது.

இத்தனைக்கும் பிறகு ட்ராக்கிங்கில் நம் கட்டியின் இலக்கு 14 கன செ.மீ. மாதிரியின் பிழை, கட்டியின் உருமாற்றம் எல்லாம் இருப்பதால் 5 மி.மீ. மார்ஜினை அங்கேயும் முழுதாக விட முடியாது. ஐடிவியோடு ஒப்பிட்டால் 11 கன செ.மீ. லாபம், கேட்டிங்கோடும் மிட்-வென்டிலேஷனோடும் ஒப்பிட்டால் வெறும் 2. கட்டி 15க்குப் பதில் 6 மி.மீ. மட்டும் நகர்ந்தால் ஐடிவியே 18தான், லாபம் 4. சில ஆயிரம் கன செ.மீ. கொள்ளளவுள்ள நுரையீரலில் அந்த நாலு என்ன பெரிய வித்தியாசம் செய்யும்?

எளிய முறையின் பக்கம் நிற்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்பிஆர்டிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த அமெரிக்க ஆய்வு ஆர்டிஓஜி 0236, முடிவு 2010இல் வந்தது. 55 நோயாளிகள், மூன்று அமர்வு. மூன்று ஆண்டு முடிவில் முதன்மைக் கட்டி கட்டுக்குள் இருந்தது 97.6 விழுக்காடு. அதில் வைத்த மார்ஜின் பக்கவாட்டில் 5 மி.மீ., மேல்கீழாக 10 மி.மீ. நகர்வைக் கவனிக்கச் சொன்னார்கள், ஆனால் ட்ராக்கிங்கைக் கட்டாயமாக்கவில்லை. அதற்கு மேல் ட்ராக்கிங் கட்டுப்பாட்டை எவ்வளவு உயர்த்திவிட முடியும்? கிடைக்கும் லாபம் சுற்றியுள்ள உறுப்புகளைக் காப்பதில்தான் இருக்க முடியும்.

எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் கதிர் எடுத்தால் நன்றாக இருக்குமா என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள், சென்னை தரமணியில் 2019இல் புரோட்டான் மையம் திறந்ததிலிருந்து. புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் போய் நின்றுவிடும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் அந்த ஆழம் வழியில் உள்ள அடர்த்தியைப் பொறுத்தது. காற்று இருந்த இடத்துக்கு மூச்சோடு கட்டி வந்தால் நிற்குமிடமே மாறிவிடும். எக்ஸ்ரே கதிரில் நகர்வு ஓரத்தை மங்கலாக்குகிறது, புரோட்டானில் டோஸின் வடிவத்தையே கலைக்கலாம். அதனால் புரோட்டானுக்குப் போகிறவருக்கு மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் அதிகமாக வேண்டும்.

யாருக்கு எது?

மேல் மடல், அல்லது நகர்வு 5 மி.மீ.க்குள்: ஐடிவி, வேறு பேச்சே வேண்டாம். இதற்காக வேறு ஊருக்கு அலைவது வீண். 5 முதல் 10 மி.மீ. வரை: ஐடிவி அல்லது, ஆட்கள் தேர்ந்தவர்களாக இருந்தால், மிட்-வென்டிலேஷன். 10க்கு மேல் போனால்தான் யோசிக்க வேண்டும். மூச்சைப் பிடிக்க முடியுமா என்று முதலில் சோதிப்பேன், முடியாவிட்டால் வயிற்று அழுத்தம், அதுவும் சரிவராவிட்டால் கேட்டிங். ட்ராக்கிங்கை நான் வைத்திருப்பது வேறு சிலருக்கு: அதே இடத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவர், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி உள்ளவர், நுரையீரலின் மிச்ச பலம் மிகவும் குறைந்தவர். அவர்களுக்கு அந்த 11 கன செ.மீ.க்கு மதிப்பு உண்டு.

கட்டி பெரிதானால் கணக்கு மாறும். 5 செ.மீ. கட்டி 15 மி.மீ. நகர்ந்தால் ஐடிவி இலக்கு 155 கன செ.மீ., நகர்வே இல்லாவிட்டால் 113. வித்தியாசம் 40க்கு மேல். மூன்றாம் நிலை நோயில், 30 அமர்வில் 60 கிரே (டோஸை அளக்கும் அலகு) கொடுக்கும்போது, 20 கிரேக்கு மேல் வாங்கும் நுரையீரல் 35 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்க்க இது உதவலாம். பெரிய கட்டிகள் நடுமார்போடு ஒட்டிக்கொண்டு குறைவாகவே நகர்வது வழக்கம் என்பதால் இந்த நிலைமை அடிக்கடி வருவதில்லை.

குடும்பத்தினர் டாக்டரிடம் கேட்க வேண்டியது 'எந்த இயந்திரம்' என்பதை அல்ல. 4டி சிடி எடுத்தீர்களா, அதில் கட்டி எத்தனை மி.மீ. நகர்ந்தது, ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னால் கட்டியையே படத்தில் பார்ப்பீர்களா அல்லது எலும்பை வைத்துப் பொருத்துவீர்களா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அங்கேயே செய்துகொள்ளலாம். அப்புறம், இன்ஹேலர் பழக்கம் உள்ளவர் ஸ்கேன் நாளில் எந்த நேரத்தில் எடுத்தாரோ, சிகிச்சை நாளிலும் அதே நேரத்தில் எடுத்துக்கொள்ளட்டும். ஸ்கேனுக்கும் முதல் அமர்வுக்கும் இடையே வாரக்கணக்கில் இழுத்துவிட்டாலோ, நடுவில் சளிக்காய்ச்சல் வந்தாலோ, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தாலோ பழைய படத்தை வைத்துத் தொடரக் கூடாது. மறுபடி 4டி சிடி எடுத்து, வந்த மில்லிமீட்டரைப் பார்த்து, முறையை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.